நாளும் நாளின் ஆண்டவரும்

திருச்சபைப் பண்டிகைகளை அனுசரிப்பது சுவிசேஷ விசுவாசத்திற்கு ஏற்றதா என்று சிலர் வினவுவதுண்டு. நத்தாரும் லெந்து காலமும் வேதத்தில் கட்டளையிடப்படவில்லை என்பது அவர்களது வாதம். அது உண்மையே. இத்தகைய எண்ணத்தினாலேயே 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தாரையும் உயிர்த்தெழுதல் பண்டிகையையும் ஒழித்தது.

மார்ட்டின் லூத்தரும் 1520இல், ஞாயிறு தவிர்ந்த திருநாட்களை நீக்கிவிடலாம் என எழுதினார். குடியும் சூதும் சோம்பலும் அந்நாட்களைக் கெடுத்திருந்தன. ஆயினும் லூத்தரன் சபையார் 1530இல் சமர்ப்பித்த அவுக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கையின் 15ஆம் பிரிவு நிதானமான வழியைக் காட்டிற்று. சமாதானத்துக்கும் நல்லொழுங்குக்கும் உதவும் திருநாட்களைக் கைக்கொள்ளலாம். ஆனால், அவை இரட்சிப்புக்கு அவசியமெனக் கூறி மனச்சாட்சியின்மேல் பாரம் சுமத்தலாகாது. கிருபையினாலே இரட்சிப்பு என்னும் சுவிசேஷத்தின் இருதயம் இங்கே காக்கப்படுகின்றது.

ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் போதிப்பதும் இதுவே. நாளை விசேஷிப்பவரும் விசேஷியாதவரும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்யவேண்டும்.

பிரியமானவர்களே, பண்டிகையைக் கைக்கொள்பவர் அதைத் தமது நீதியாக எண்ணாதிருப்பாராக. கைக்கொள்ளாதவர் தம் சகோதரனை நியாயந்தீர்க்காதிருப்பாராக. நாள் நம்மை மீட்கவில்லை. மீட்டவரை நினைவூட்டும் நாளோ வீணானதன்று.