பலகையை எண்ணுகிறோம், பையனை எண்ணுகிறோமா?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த வியாபாரிக்கு எமது பகுதியில் வழமையாக மூன்று வழிகள் இருந்தன. வயல் வாங்குவது, கடையைப் பெருப்பிப்பது, மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவது. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கல்முனையிலிருந்து ஏ4 வீதியால் அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டித் தெற்கே போனால் பொத்துவில். அதையொட்டி நாம் உல்லை என்று சொல்லும் ஊர், வெளிநாட்டவருக்கு அறுகம்பே. அங்கே ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, நாலு கபானா போட்டு, இருபது சர்ஃபிங் பலகை வாங்கி வைத்தால் டொலரில் உழைக்கலாம் என்ற பேச்சு கடைத்தெருவில் அடிக்கடி கேட்கிறது.

இப்படி யோசிக்கும் நண்பர்கள் விசாரிக்கும் விஷயங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. பலகை என்ன விலை? காணி வாடகை எவ்வளவு? முற்பணம் எத்தனை மாதத்துக்கு? தண்ணீருக்குள் யார் நிற்கப் போகிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அந்த வியாபாரத்தில் உண்மையான சரக்கு பலகையல்ல, கடலைத் தெரிந்த பையன்தான் என்பது என் அபிப்பிராயம். அவனுடைய வேலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதில் முதல் போடுவது, நெல்லைப் பற்றித் தெரியாமல் ஆலை போடுவதற்குச் சமம்.

முதலில் காற்றைச் சொல்ல வேண்டும். சித்திரை கழிந்த பிறகு எமது பகுதியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைத் தெரியாதவர் இல்லை. உதடு வெடிக்கும், கிணறு வற்றும், கடைக்குள் புழுதி நிரம்பும். நாம் சலித்துக்கொள்ளும் அதே கச்சான்தான் அறுகம்பேக்குச் சோறு போடுகிறது. தெற்கே ஆழ்கடலில் எழும் அலைகள் கரைக்கு வரும்போது, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அவற்றின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. அலை உடனே சரிந்து விழாமல் நீண்ட தூரம் ஓடுகிறது. கிட்டத்தட்ட ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை இந்த நிலை. பிறகு வாடையும் மாரியும் வந்துவிட்டால் கடல் குழம்பிவிடும், சீசன் முடிந்துவிடும். உகந்தைக்குப் போகும் பக்கத்தில் வெளிநாட்டவர் ‘பீநட் ஃபார்ம்’ என்று அழைக்கும் ஓர் இடமும் உண்டு. தமிழில் சொன்னால் கச்சான் தோட்டம். காற்றும் கச்சான், கடலையும் கச்சான் என்று அங்குள்ள பையன்கள் வெள்ளைக்காரருக்கு விளக்க முயன்று களைத்துப் போவார்கள்.

காலைக் காற்றுத்தான் நல்ல காற்று. பகல் ஏற ஏறக் கடற்காற்றுத் திரும்பி அலையைக் கலைக்கும். ஆகவே வேலை விடியலில் தொடங்குகிறது. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பையன்மார் கடற்கரைக்குப் போய் அலை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், நீரோட்டம் எப்படி என்று பார்க்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் இன்று யாரை எந்த இடத்துக்குக் கூட்டிப் போவது என்று தீர்மானிக்கிறார்கள். புதிதாகப் பழகுபவரைப் பெரிய முனைக்குக் கூட்டிப் போகக் கூடாது. அங்கே அடியில் பாறை. குடாவின் உட்பக்கம், பொத்துவிலுக்கு வடக்கே ‘விஸ்கி பாயின்ட்’, தெற்கே கச்சான் தோட்டம் என்று மணல் தரை உள்ள இடங்கள்தான் அவர்களுக்கு. (பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அலைக்கு அந்தப் பெயரை வைத்தது நாமல்ல.) ஆட்டோவின் கூரையில் பலகைகளைக் கட்டி, ஆட்களை ஏற்றி, மணல் பாதையில் போய் இறக்க வேண்டும். பாணமை வீதியில் இருட்டு வேளைகளில் யானையும் நிற்கும்.

மணலில் பலகையைப் போட்டுப் படுக்க, துடுப்புப் போலக் கை போட, எழும்பி நிற்கப் பழக்குகிறார்கள். பிறகு இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் நின்று, அலை வரும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட வேண்டும். விழுந்தவரைத் தூக்க வேண்டும். அவருடைய பலகை இன்னொருவரின் தலையில் அடிக்காமல் பிடிக்க வேண்டும். திரும்பவும் தள்ள வேண்டும். ஒருவருக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். அவர் போனதும் அடுத்தவர். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் ஆறு மாதம் இப்படி நிற்பவனின் உடம்பு என்ன ஆகும்? பாறை கீறிய காயம் ஈரத்தில் ஆறாது, சீழ் வைக்கும். கடல் முள்ளெலி காலில் ஏறும். தோள் மூட்டு நோகும். வருடக்கணக்கில் கடல் வெயில் பட்டால் கண் வெள்ளையில் சதை வளரும். எமது மீனவர்களின் கண்ணில் காண்கிறோமே, அதே நோய்தான்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது பொறுப்பு. அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வழியால் கடலுக்குத் திரும்பத்தான் வேண்டும். அந்த வழி பார்ப்பதற்கு அலையில்லாமல் அமைதியாக இருக்கும். நீந்தத் தெரியாதவர் அதுதான் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குவார், ஆற்று வெள்ளம் போல உள்ளே இழுத்துவிடும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவோம். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இது உல்லையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. பெருநாளைக்கு வேன் பிடித்து வரும் எமது ஊர்ப் பொடியன்மாருக்கும் தெரியாது. உள்ளே இழுபட்டவரைக் கொண்டுவரப் பலகையோடு பாய்வது பெரும்பாலும் இந்தப் பயிற்சிப் பையன்கள்தான். அதற்கு யாரும் கூலி கொடுப்பதுமில்லை, அவர்கள் கேட்பதுமில்லை.

2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். போனவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அதற்குப் பிறகு எத்தனையோ உம்மாமார் பிள்ளைகளைக் கடற்பக்கம் போகவே விடவில்லை. அன்று மடியில் கிடந்த பிள்ளைகளில் சிலர்தான் இன்று அந்தக் கடலுக்குள் நின்று ஊரார் பிள்ளைகளுக்கு அலையைப் பழக்குகிறார்கள். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்கள். 70களிலிருந்தே வந்துபோன வெளிநாட்டவர் உடைத்துவிட்டுப் போன பலகைகளில் தகப்பன்மார் பழகினார்கள், அவர்களைப் பார்த்து மகன்மார் பழகினார்கள். இந்த அறிவைக் காசு கொடுத்துக் கடையில் வாங்க முடியாது.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் நடைமுறை வாய்ப்பேச்சுத்தான். வகுப்புக்கு இவ்வளவு, பலகை வாடகையில் இவ்வளவு, மிச்சம் ‘டிப்ஸ்’. ஆள் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. காயப்பட்டுப் பத்து நாள் படுத்தால் அதுவும் இல்லை. முதலாளியைக் கேட்டால், சீசன் வேலைக்கு ஏன் ஈபிஎஃப் என்பார்.

இங்கேதான் எமது ஆட்கள் பலர் சட்டத்தைப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாக வேலை செய்பவரும் அதற்குள் அடங்குவார். ஓர் ஆள் வேலை செய்தாலும் முதல் நாளிலிருந்தே கடமை உண்டு. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். இது போக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு ஒரு பையனின் மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் பங்கு 7,200, நம்பிக்கை நிதி 1,800, ஆக மாதம் 9,000 ரூபா. ஆறு மாதச் சீசனுக்கு 54,000. பையனின் சொந்தப் பங்கு மாதம் 4,800 சேர்ந்தால், சீசன் முடியும்போது அவன் பெயரில் 82,800 ரூபா நிற்கும். முதலாளி கொடுத்த 54,000 அதிகமா? நல்ல பலகை ஒன்றின் விலையை விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். பலகை உடைந்தால் இன்னொன்று வாங்குகிறோம், முகம் சுளிப்பதில்லை.

காயம் பட்டால் நிலைமை இன்னும் பாரதூரமானது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு. வாய்ப்பேச்சில் வைத்த ஆள் என்பது தப்பும் வழியல்ல. காப்புறுதி எடுக்கத் தயங்குபவர்கள் தகாபுல் கம்பனிகளிடம் விசாரிக்கலாம். சேமலாப நிதியில் சேரும் வட்டியை என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் வட்டியைக் காட்டி அசலையே கட்டாமல் விடுவதற்கு எந்த உலமாவும் பத்வா கொடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் எம்முடையது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவில் அவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டும், வேலைக்காரனுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுக்க எமக்குக் கை வருவதில்லை.

எழுத்தில் இல்லாததன் கேடு நெருக்கடி வரும்போதுதான் தெரியும். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு சீசன் தொடங்குமுன்னரே விழுந்தது. அந்த வருடம் செப்டம்பரில் உலக சர்ஃபிங் லீக்கின் போட்டியொன்று அங்கு நடந்தும் போன காசு திரும்பவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. 2024 ஒக்டோபர் 23ஆந் திகதி அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கையோடு அறைகள் வெறுமையாகின, பொலிசாரும் அதிரடிப்படையினரும் நிரம்பினர். ஒவ்வொரு முறையும் காணிக்காரருக்கு முற்பணம் மிஞ்சியது, முதலாளிக்குப் பலகை மிஞ்சியது. பையனுக்கு என்ன மிஞ்சியது?

அந்த எச்சரிக்கையோடு சேர்ந்து எழுந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. அங்கு வருவோரில் இஸ்ரேலியர் கணிசமாக உண்டு. காஸாவை நினைத்து எமது நெஞ்சில் நெருப்பு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் காசு வாங்கித் தண்ணீரில் இறக்கிய ஆள் யாராக இருந்தாலும், கரையேறும் வரை அவர் அமானிதம். நானறிந்த பையன்மார் இதில் எம்மை விடத் தெளிவாக இருக்கிறார்கள். அவர்களுடைய மனக்குறை வேறு. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் தாங்களே வகுப்பு நடத்தி, பலகை வாடகைக்கு விட்டு, உள்ளூரானின் பிழைப்பில் கை வைக்கிறார்கள் என்பது. எந்த நாட்டவராயினும் அந்த விசாவில் கூலிக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அவர்களுக்குத் தன் பெயரில் கடையை எடுத்துக் கொடுத்துவிட்டு மாத வாடகை வாங்கும் எமது ஆட்களைப் பற்றி என்ன சொல்வது?

பிள்ளை கெட்டுப் போவான் என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. மதுவும் இரவுக் களியாட்டமும் அங்கு உண்டு. ஆனால் அவை நடப்பது இரவில். அலைப் பயிற்சி நடப்பது விடியலில். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரவு விழித்திருந்தவனால் காலையில் இன்னொருவரின் உயிருக்குப் பொறுப்பாக நிற்கவும் முடியாது. ஜும்ஆவுக்குக் கதவைச் சாத்தி, மது விற்காமல், பயிற்சி, பலகை, காலைச் சாப்பாடு என்று மட்டும் நடத்தும் இடம் நஷ்டப்படும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நீர்ச்சறுக்கல் பழக வருபவர் முதலில் தேடுவது தன்னை மூழ்க விடாத ஆளைத்தான்.

நல்ல ஆள் ஒக்டோபருக்குப் பிறகு எங்கே போகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். சிலர் பெரும்போக வயலுக்கு இறங்குகிறார்கள். கெட்டிக்காரர் தெற்கே வெலிகமைக்குப் போகிறார்கள். அங்கு சீசன் அப்போதுதான் தொடங்கும். பள்ளிவாசலும் எமது ஆட்களின் சாப்பாட்டுக் கடையும் உள்ள ஊர் என்பதால் சிரமமில்லை. அங்குள்ள முதலாளி உயிர்காப்புப் பயிற்சிக்கும், சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் பயிற்றுநர் சான்றிதழுக்கும் செலவழித்து அவனை நிறுத்திக்கொண்டால் மறு ஏப்ரலில் அவன் உல்லைக்குத் திரும்புவானா? அந்தச் சான்றிதழ் இருந்தால் மாலைதீவிலும் வேலை கிடைக்கும். பழக்கிய ஆளை இழந்துவிட்டுப் புதியவனோடு சீசனைத் தொடங்கும் செலவை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை.

இந்த வருமானம் கடற்கரையோடு நிற்க வேண்டியதுமில்லை. உடைந்த பலகையைத் திருத்துவது ஃபைபர் வள்ளம் திருத்தும் அதே கைவேலை. நார்ப்பாய், ரெசின், ஹார்ட்னர். ஒன்று கவனிக்க வேண்டும். வள்ளத்துக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசினை வெள்ளை ரெஜிஃபோம் உள்ள எபொக்சி பலகையில் பூசினால் உள்ளே கரைந்துவிடும், பலகை பாழ். அதற்கு எபொக்சிதான். மருதமுனைக் கைத்தறியில் கடற்கரைத் துவாயும் சாரமும் நெய்து அங்கே வைத்தால் வாங்க ஆள் உண்டு. கல்முனை ஹார்ட்வெயார்காரரும் புடவைக்காரரும் அங்கே அறை கட்டாமலே சம்பாதிக்கக்கூடிய வழிகள் இவை.

அறை கட்டித்தான் தீருவேன் என்பவர்கள் பலகைக்கு ஓடர் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை சில. தொழில் திணைக்களத்தில் டி படிவம் கொடுத்து முதலாளியாகப் பதிய வேண்டும். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால் 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 30,000 ரூபா என்பது நினைவிருக்கட்டும். பையனோடு தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வகுப்புக்கு எவ்வளவு, ஆள் வராத நாளுக்கு எவ்வளவு, காயம் பட்டால் யார் செலவு, ஒரு நேரத்தில் எத்தனை பேரை இறக்கலாம், கடல் சரியில்லை என்று அவன் சொன்னால் வகுப்பை நிறுத்தும் அதிகாரம் அவனுக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தில் முதலாளி பேரம் பேசக் கூடாது. முதலுதவிப் பெட்டி ஒவ்வோர் ஆட்டோவிலும் இருக்கட்டும். 1990 சுவசெரிய இலக்கமும், பொத்துவில் ஆதார வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கமும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இவை முடிந்த பிறகு பலகையின் விலையைப் பேசலாம். சீசன் முடிவில் ஊர் திரும்பும் வெளிநாட்டவர் தங்கள் பலகைகளைப் பாதி விலைக்கும் விட்டுப் போவார்கள்.