பாவாடையில் எழுதிய எழுத்து

வியட்நாமின் தலைநகரான ஹனோயிலிருந்து இரவு பத்து மணியளவிற் புறப்படும் புகையிரதம், செந்நதியின் பள்ளத்தாக்கு வழியே வடமேற்கு நோக்கி ஓடி, விடியற்காலையில் சீன எல்லையோரமுள்ள லாவோ காய் நகரை அடைகின்றது. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்துக்கு எட்டு மணி நேரம்! 2014ஆம் ஆண்டில் நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் பேருந்தில் ஏறுவோர் விரைவாகவே போய்ச் சேர்கின்றனர். ஆயினும் நான் புகையிரதத்தையே விரும்பினேன். பிரெஞ்சுக்காரர் அமைத்து, 1910இல் சீனத்தின் குன்மிங் நகர் வரை கொண்டுசென்ற பாதை அது. ஒரு மீற்றர் அகலமே உடையது. நம் நாட்டின் அகலப் பாதையிற் பழகிய உடம்புக்கு அதன் ஆட்டம் சற்று அதிகந்தான். மேற்படுக்கையிற் கிடந்து இரவெல்லாம் புரண்டேன்.

லாவோ காயிலிருந்து 38 கிலோமீற்றர் மலைப்பாதை ஏறினால் சா பா என்னும் சிற்றூர். அதன் எதிரே 3,147 மீற்றர் உயரமான ஃபான்சிபான் சிகரம் இருப்பதாகச் சொன்னார்கள். மூடுபனி அதை எனக்குக் காட்டவில்லை. 2016 முதல் கம்பிவட ஊர்தியிலேயே அதன் உச்சிக்குச் செல்லலாம். நான் வந்தது சிகரத்துக்காக அன்று. கீழே முவோங் ஹுவா பள்ளத்தாக்கிலுள்ள கிராமங்களுக்கு நடந்து போவதற்காக.

எனக்கு வழிகாட்டியாய் வாய்த்தவர் கருப்பு ஹ்மொங் இனத்தைச் சேர்ந்த பெண்மணி. வியட்நாம் அரசு ஏற்றுக்கொண்ட ஐம்பத்துநான்கு இனங்களுள் ஹ்மொங் ஒன்று. முதுகிலே பிரம்புக் கூடை, காலிலே இறப்பர்ச் செருப்பு. நான் கைத்தடியூன்றித் தடுமாறிய சேற்றுச் சரிவில் அவர் நார் திரித்துக்கொண்டே இறங்கினார். அவருடைய விரல்கள் மணிக்கட்டு வரை நீலம் பாரித்திருந்தன. நோயோ என்று ஐயுற்றேன். துணிக்கு இடும் சாயம் என்று சொல்லிச் சிரித்தார். நார்ச்செடி பயிரிட்டு, நூற்று, நெய்து, இலையிலிருந்து எடுத்த நீலச் சாயத்தில் மீண்டும் மீண்டும் தோய்த்து உலர்த்துகிறார்கள். தோய்க்குமுன் உருக்கிய தேன்மெழுகினாற் கோலம் வரைவார்கள். மெழுகு மூடிய இடத்திற் சாயம் ஏறாது. பின்னர் வெந்நீரில் மெழுகைக் கரைத்தால் நீலத்தின் நடுவே வெள்ளைக் கோடுகள் தெளியும். ஒரு பாவாடைக்குப் பல மாத உழைப்பு.

அவருடைய ஆங்கிலம் சரளமாயிருந்தது. கற்பித்துப் பழகியவனின் கெட்ட பழக்கம் என்னை விடவில்லை. "எந்தப் பாடசாலையிற் படித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"பாடசாலைக்கு நான் போனதில்லை. இந்தப் பாதையிலே படித்தேன்" என்றார்.

அதன்பின் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. படிப்படியாய் இறங்கும் நெல்வயல்களும், சேற்றில் அமிழ்ந்த எருமைகளுமே துணை. லாவோ சாய் கிராமத்தருகே சிறுமியர் இருவர் கைப்பட்டிகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தனர். என் கை பணப்பைக்குப் போயிற்று. "வேண்டாம். நீங்கள் வாங்கினால் நாளைக்கும் இவர்கள் பள்ளிக்குப் போகமாட்டார்கள்" என்று அவர் தடுத்தார். பாடசாலை வாசலையே மிதிக்காதவர் சொன்ன அந்தச் சொல் என்னைத் தைத்தது.

சய் இனத்தவர் வாழும் தா வான் கிராமத்தில் அன்றிரவு தங்கினோம். அடுப்பருகே அமர்ந்தபோது, முதலிற் கேட்ட கேள்விக்கு மறுமொழி போல அவரே பேச்சைத் தொடங்கினார். பழங்காலத்தில் ஹ்மொங் மக்களுக்கு எழுத்து இருந்ததாம். பகைவருக்கு அஞ்சி ஆறு கடந்து ஓடிவந்தபோது ஏடுகள் அழிந்தனவாம். வெள்ளம் கொண்டுபோயிற்று என்பார் சிலர். பசித்த குதிரைகள் தின்றன என்பார் வேறு சிலர். எஞ்சியவற்றைப் பெண்கள் தம் பாவாடைகளில் வரைந்து மறைத்து வைத்தனராம்.

இதனை வரலாறென்று நான் சாதிக்கவரவில்லை. 1950களில் லாவோஸ் நாட்டிற் கிறித்தவப் பாதிரிமார் ஹ்மொங் மொழிக்கு உரோமன் எழுத்து முறையொன்றை வகுத்தனர். வியட்நாமிலும் பின்னர் ஓர் எழுத்து முறை வகுக்கப்பட்டது. அவை வேறு கதை. ஆனால் எழுத்தை இழந்தோம் என்ற நினைவை ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக நெஞ்சிற் சுமப்பது எத்தகைய துயரம்! எழுதத் தெரியாதவர் என்று காலையில் நான் மனத்துக்குள் எண்ணியதை நினைத்தபோது அடுப்பின் ஒளியில் முகத்தை நிமிர்த்த இயலவில்லை.

"உங்கள் நாட்டு எழுத்து எப்படியிருக்கும்?" என்று கேட்டார். குறிப்பேட்டை எடுத்து 'இலங்கை' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு முதலெழுத்தின் சுழிமேல் விரலை வைத்து, தம் பாவாடை விளிம்பிலிருந்த வட்டச் சுழியொன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதை நாங்கள் நத்தை என்போம். நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"இ" என்றேன்.

"இ, இ" என்று இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதத் தொடங்கினார்.