வயலுக்கு நினைத்தது, தொட்டிலுக்கு வந்தது

அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், சோள வயல்கள் சூழ்ந்த ஊர் பியோரியா. 1961இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் ‘பாம்பர்ஸ்’ டயப்பரை முதலில் விற்றுப் பார்த்தது இங்கேதான். அன்றைய டயப்பரில் ஈரத்தை இழுத்தது மரக்கூழ் வகை அடுக்குகள் மட்டுமே. குழந்தை அழுந்த உட்கார்ந்தால் உறிஞ்சியது திரும்பக் கசியும்.

அந்தக் குறைக்கு விடை சொன்ன ஆராய்ச்சியும் அதே ஊரில்தான் நடந்தது. பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழிகண்ட வேளாண் துறை ஆய்வகம் அங்கே இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் சோள மாவுச்சத்தோடு செயற்கைப் பாலிமரை இணைத்து, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு தண்ணீரை இழுக்கும் ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்ற பொருளை உருவாக்கினார்கள். மண்ணில் ஈரம் காப்பது அதற்கு நினைத்த வேலைகளில் ஒன்று. 1980களில் இவ்வகைப் பொருள்கள் டயப்பருக்குள் நுழைந்தன. தடித்த டயப்பர் மெலிந்தது.

இன்று டயப்பரில் இருப்பது பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்படும் சோடியம் பாலிஅக்ரிலேட். பார்க்கச் சர்க்கரைத் துகள் போலிருக்கும். இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளோடு சோடியம் அயனிகள் ஒட்டியிருக்கின்றன. உள்ளே அயனிகள் செறிந்திருப்பதால் சவ்வூடு பரவல் முறையில் தண்ணீர் உள்ளே பாய்கிறது. சங்கிலிகளுக்கு இடையே உள்ள குறுக்குப் பிணைப்புகள் துகளைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ள, அது கூழாக உப்புகிறது. அழுத்தினாலும் எளிதில் ஈரத்தை விடாது. ஆனால் சிறுநீரில் உப்பு இருப்பதால், பல நூறு மடங்கு என்ற கணக்கு சில பத்து மடங்காகச் சுருங்கிவிடும். உப்பிய கூழில் சமையல் உப்பைத் தூவினால் அது நீர்த்துப்போவதை வீட்டிலேயே பார்க்கலாம்.

தொட்டால் காய்ந்திருக்கிறதே என்று டயப்பரை மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து.

மலமும் சிறுநீரும் சேரும்போது, மலத்தில் உள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. தோலுக்கு இயல்பாக உள்ள லேசான அமிலத்தன்மை குறைகிறது. அப்போது மலத்தில் உள்ள, புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. சிவந்து தடித்த அந்த இடத்தில் கேண்டிடா பூஞ்சையும் எளிதாகப் பற்றும். சில டயப்பர்களில் மஞ்சள் கோடு நீலமாக மாறி ஈரத்தைக் காட்டும்; மலம் கழித்ததை அதை நம்பித் தெரிந்துகொள்ள முடியாது. குழந்தை மலம் கழித்த உடனே மாற்றிக் கழுவித் துடைத்து, சற்றுநேரம் காற்றாட விடுவதே தோலுக்கு நல்லது.

பயன்படுத்திய பின்னும் டயப்பரில் உள்ள பாலிஅக்ரிலேட் துகள் லேசில் சிதைவதில்லை. கழிப்பறையில் போட்டால் உப்பிக் குழாயை அடைக்கும். ஜப்பானின் ஷிபுஷி நகரில் டயப்பர்களைத் தனியே சேகரிக்கிறார்கள். யூனிசார்ம் நிறுவனம் அவற்றைக் கழுவி, ஓசோனால் கிருமி நீக்கி, மரக்கூழை மீட்கிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றியே குப்பையில் சேர்க்கச் சொல்லின. சுற்றுவதற்கான உறைகளைத் தரும் பொறுப்பை அவை தயாரிப்பாளர்களுக்குத் தந்தன. மலத்தைக் கழிப்பறையில் தள்ளி, டயப்பரை இறுக்கிச் சுருட்டி, தாளில் பொதிந்து தனியே கொடுக்க ஒரு நிமிடம் போதும். அப்படியே வீசினால், மற்ற குப்பையிலிருந்து அதைக் கையால் பிரித்தெடுப்பவர் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்தான்.