உங்களுக்குத் தெரியுமா? செம்பூர்ப் பக்கம் கட்ச் பூநாரைகள்

மும்பையின் செம்பூரை ஒட்டிய மாகுல் சேற்றுக் கரையிலும் பக்கத்துச் சிவ்ரியிலும் குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கான பூநாரைகள் இறங்குகின்றன. பல, குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனத்திலிருந்து வருபவை. அங்கே நீர் வற்றத் தொடங்கியதும் கிளம்பி வந்து, மழைக்காலம் நெருங்கும்வரை மும்பையில் தங்கிவிடும்.

தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி நீலப்பச்சைப் பாசியைத் தின்பது சிறிய பூநாரை இனத்தின் வழக்கம். இறகின் இளஞ்சிவப்பு, பாசியிலுள்ள நிறமி தந்தது. குஞ்சு பொரியும்போது பார்த்தால் சாம்பல் நிறம்தான்!

இவை வந்திறங்கும் தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் எல்லை போட்டால் மட்டும் போதவில்லை. 2024 மே மாதம் காட்கோபர் வானில் விமானம் மோதி 30க்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்தன.

பார்க்கப் போகிறவர்கள் ஹார்பர் லைனில் சிவ்ரியில் இறங்கலாம். கடலின் ஏற்றவற்ற நேரத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.