அழுற குழந்தையை வீடியோ எடுக்கலாமா மிஸ்? - ப்ளே ஸ்கூல் டீச்சர் உண்மையில் யாருக்காக வேலை பார்க்கிறார்?

ஜூன் மாசம் பிறந்தா ரீல்ஸ்ல ஒரு சீசன் ஆரம்பிச்சிடும். ப்ரீ-கேஜி முதல் நாள்! கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறும் குழந்தை, மூக்கு ஒழுக "அம்மாகிட்ட போணும்" என்று தேம்பும் குழந்தை, அழுது களைத்து உட்கார்ந்தபடியே தூங்கி விழும் குழந்தை. பின்னணியில் ஏதாவது ஒரு வடிவேலு டயலாக். நாமும் சிரித்துவிட்டு, ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு, ஃபேமிலி குரூப்பில் ஷேர் செய்துவிட்டுப் போய்விடுவோம்.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமரா எங்கே இருக்கிறது? பல வீடியோக்களில் கேட்டுக்கு உள்ளே இருக்கும். அதாவது, அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்த வேண்டிய கையில்தான் போன் இருக்கிறது.

"க்யூட்டாதானே இருக்கு, இதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். பெற்றோருக்கு ஜாலி, ஸ்கூலுக்கு இலவச விளம்பரம், டீச்சருக்கு ஃபாலோயர்ஸ். நஷ்டம் ஒரே ஒருத்தருக்குத்தான். அவருக்கு வயசு மூணு. புகார் எழுதத் தெரியாது.

சின்னக் குழந்தைகளின் டீச்சர்களுக்கான தொழில் நெறி என்று பேசத் தொடங்கினால், எல்லாமே இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. வக்கீலுக்கு யார் கட்சிக்காரர் என்பதில் குழப்பம் இல்லை, ஃபீஸ் கொடுப்பவர்தான். ப்ளே ஸ்கூலில் ஃபீஸ் கட்டுவது பெற்றோர், சம்பளம் கொடுப்பது நிர்வாகம், ஆனால் வேலை நடப்பது குழந்தையின் மீது. மூன்று பேரும் ஒரே பக்கம் நிற்கும்வரை பிரச்னை இல்லை. ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது டீச்சர் யார் பக்கம் நிற்க வேண்டும்?

அமெரிக்காவில் 'நேயக்' (என்.ஏ.இ.ஒய்.சி.) என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சின்னக் குழந்தைகளின் கல்விக்கான தேசியச் சங்கம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்காக 1989-லேயே ஒரு நெறிமுறைத் தொகுப்பை உருவாக்கினார்கள். குழந்தை, குடும்பம், சக ஊழியர், சமூகம் என நான்கு தரப்புக்கும் டீச்சர் என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்று அதில் இருக்கிறது. அதில் முதல் கொள்கை, எது எப்படி இருந்தாலும் குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதுதான். தீங்கு என்றால் அடி மட்டுமல்ல. அவமானப்படுத்துவது, மிரட்டுவது, மனதைக் காயப்படுத்துவது எல்லாமே. மற்ற எந்தக் கொள்கையோடு மோதினாலும் இதுதான் ஜெயிக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்த அழுகை வீடியோவுக்கு வருவோம். "அட்மிஷன் ஃபார்ம்லயே போட்டோ எடுக்க சம்மதம்னு சைன் வாங்கிட்டோமே" என்று ஸ்கூல் சொல்லும். சம்மதம் வாங்குவது நல்ல விஷயம்தான். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாள பெற்றோரின் ஒப்புதலைத்தான் அடிப்படையாகக் கேட்கிறது. ஆனால், பெற்றோர் கையெழுத்து போட்டது ஆண்டு விழா டான்ஸை மனதில் வைத்து. பேன்ட்டை நனைத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் படம் பிடிப்பதற்கு அந்தக் கையெழுத்து செல்லுமா? என்னைக் கேட்டால், செல்லாது. உங்கள் ஆபீஸில் நீங்கள் பாத்ரூமில் அழுததை ஹெச்.ஆர் ஸ்டேட்டஸ் வைத்தால் எப்படி இருக்கும்? அதே கணக்குதான். அந்தக் குழந்தை பன்னிரண்டாவது படிக்கும்போதும் வீடியோ எங்கேயோ ஒரு மீம் பேஜில் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இது ஓரளவு சுலபமான கேள்வி. சரி எது, தப்பு எது என்று தெரிகிறது. உண்மையிலேயே தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

அமெரிக்க டீச்சர்கள் மத்தியில் பல வருஷமாக விவாதிக்கப்படும் ஒரு உதாரணம் உண்டு. நாலு வயசுப் பையன். மதியம் எல்லாக் குழந்தைகளோடும் நன்றாகத் தூங்குகிறான். அவன் அம்மா வந்து, "தயவுசெஞ்சு மதியம் தூங்க வைக்காதீங்க. இங்கே தூங்கினா ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்கான். நான் விடியக்காலைல எழுந்து வேலைக்குப் போகணும்" என்கிறார். டீச்சருக்கோ, மதியம் தூங்காவிட்டால் சாயங்காலம் அவன் நிலைகொள்ளமாட்டான் என்று தெரியும்.

இங்கே யார் கெட்டவர்? யாருமே இல்லை. அம்மா சொல்வதும் நியாயம். அவர் தூக்கம் கெட்டால் மறுநாள் காலையில் எரிச்சல் யார் மேல் போகும்? அந்தப் பையன் மேலேயேதான். நம்ம ஊரில் இதற்கு வழக்கமாக ரெண்டே பதில்தான். ஒன்று, "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டுத் தூங்கவிடுவது. இல்லையென்றால், கண் சொருகும் பிள்ளையை உலுக்கி உலுக்கி உட்கார வைப்பது. முதலாவது அம்மாவிடம் பொய். இரண்டாவது குழந்தைக்குக் கொடுமை.

நெறிமுறை தெரிந்த டீச்சர், முடிவெடுப்பதற்கு முன் பேசுவார். ஒன்றரை மணி நேரத்தை முக்கால் மணியாகக் குறைக்கலாமா, சீக்கிரம் படுக்க வைத்துச் சீக்கிரம் எழுப்பலாமா, ராத்திரி வீட்டில் டி.வி எத்தனை மணி வரை ஓடுகிறது என்று அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பார். முக்கால்வாசி நேரம் அங்கேயே ஒரு வழி பிறந்துவிடும். பிறக்கவில்லையென்றால், குழந்தையின் உடம்புக்கு எது தேவையோ அதைச் செய்துவிட்டு, "இந்தக் காரணத்துக்காக இப்படிச் செய்றேன்" என்று அம்மாவிடம் நேராகச் சொல்வார். அந்த நேராகச் சொல்வதுதான் கஷ்டம். ஏனென்றால், அடுத்த மாசம் அந்த அம்மா வேறு ஸ்கூல் பார்க்கலாம்.

நம்ம ஊர் வடிவத்தில் இதே சிக்கல் எழுத்துப் பயிற்சியில் வரும். விஜயதசமி அன்று அரிசியில் 'அ' எழுதிய கையோடு, தீபாவளிக்குள் நோட்டு நிரம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் நிறைய பேர். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை அடித்தளப் பருவம் என்கிறது. அதற்காக 2022-ல் வந்த கலைத்திட்ட வரைவும் விளையாட்டு வழியாகத்தான் கற்றல் என்கிறது. மூணு வயசு விரல்களுக்கு பென்சிலைவிட களிமண்ணும் மணிகோக்கிறதும்தான் முக்கியம் என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்தும், "பக்கத்து ஸ்கூல்ல ஏபிசிடி முடிச்சிட்டாங்க" என்ற ஒரு வரிக்குப் பயந்து, குழந்தையின் கையைப் பிடித்து தானே எழுதி 'வெரி குட்' ஸ்டாரும் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த நோட்டு குழந்தையுடையது இல்லை. பெற்றோருக்கு டீச்சர் காட்டும் படம்.

இன்னொரு கஷ்டமான பேச்சும் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வயசுக்கு ஏற்ற பேச்சு வராத குழந்தையை முதலில் கவனிப்பது சில நேரம் டீச்சராகத்தான் இருப்பார். ஒரே வயதுக் குழந்தைகளைத் தினமும் பார்ப்பதால் வித்தியாசம் சட்டென்று தெரியும். "ஆட்டிசமா இருக்கும்" என்று வாசலிலேயே தீர்ப்பு சொல்வதும் தப்பு. "அவங்க அப்பாவும் லேட்டாதானே பேசினாராம்" என்று மழுப்புவதும் தப்பு. தான் பார்த்ததை மட்டும் தேதியோடு சொல்லி, "குழந்தைகள் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்பதுதான் அவர் வேலை. அதையும் தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை.

டீச்சருக்கு யோசிக்க அவகாசமே கிடையாத இடமும் உண்டு. குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறது என்று தெரியவந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். பெற்றோர் "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்றாலும், நிர்வாகம் "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்றாலும் இதில் மாற்றம் இல்லை. சொல்லாமல் மறைத்தால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் அதற்காக வழக்கு போட முடியாது என்பதையும் சட்டமே சொல்கிறது. 1098-க்கு போன் செய்தும் உதவி கேட்கலாம்.

அடி விஷயத்தில் ஒரு விநோதம். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. அதைவிடச் சின்னப் பிள்ளைகள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அதற்காக அவர்களை அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் காட்டும் கொடுமையைக் குற்றம் என்கிறது. இருட்டு ரூமில் பூட்டுவேன் என்பது, சாப்பாட்டை வாயில் திணிப்பது, "ஷேம் ஷேம்" என்று வகுப்பையே சொல்ல வைப்பது... இதெல்லாம் 'கண்டிப்பு' என்ற பெயரில் பழகிப்போய்விட்டது.

இவ்வளவையும் டீச்சர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா என்றால், இல்லைதான். சொற்பச் சம்பளத்துக்கு, முப்பது வாண்டுகளை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவரிடம் பொறுமையைப் பற்றி கிளாஸ் எடுப்பது சுலபம். தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கான தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், 20 குழந்தைகளுக்கு ஒரு டீச்சர், கூடவே ஒரு பராமரிப்பாளர் என்கிறது. அந்த ஆயாம்மாவைக் கணக்கில் சேர்க்காமல் செலவைக் குறைக்கும் நிர்வாகம், டீச்சர் கத்துவதற்கும் சேர்த்தே பொறுப்பு.

அதனால், அட்மிஷனுக்குப் போகும்போது ஏ.சி இருக்கா, ஸ்மார்ட் போர்டு இருக்கா என்பதோடு வேறு சிலதையும் கேட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், கூட ஆயாம்மா உண்டா? டாய்லெட்டுக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? முதல் வாரம் விடாமல் அழுதால் எங்களைக் கூப்பிடுவீர்களா? டீச்சர்களின் சொந்த போனில் குழந்தைகளின் படம் எடுக்க அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்கு, "எங்க இன்ஸ்டா பேஜைப் பாருங்க மேடம், டெய்லி போடுவோம்" என்று பெருமையாகப் பதில் வந்தால், பக்கத்துத் தெரு அங்கன்வாடியையும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.