உஷார்! ஒட்டுப் போட்ட ஃபேனோடு வண்டியை எடுக்காதீர்கள்

மினி டிராக்டரின் ரேடியேட்டர் ஃபேனில் ஒரு றெக்கை உடைந்துவிட்டதா? எஞ்சினை உடனே அணையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுங்கள். "இந்த வயலை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்ற நினைப்பே வேண்டாம்.

சேற்றுழவு மும்முரத்தில், வண்டி கேட்டு அடுத்தடுத்து ஆள் வரும்போது, உடைந்த பிளாஸ்டிக் றெக்கையைப் பசை தடவி ஒட்டுகிறார்கள். இரும்பு றெக்கை என்றால் வெல்டிங் வைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்து நல்ல றெக்கையையும் அறுத்தெறிந்து "பேலன்ஸ் ஆயிடுச்சு" என்பவர்களும் உண்டு. மூன்றுமே உயிரோடு விளையாடும் வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடி விட்டமுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால், றெக்கை நுனியின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டும். ரோட்டவேட்டர் ஓட்டும்போது எஞ்சின் நல்ல வேகத்தில்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஒட்டு விட்டால், துண்டு பக்கவாட்டில் தெறிக்கும். சூடு தணியட்டும் என்று பானெட்டையும் பக்கத் தகட்டையும் கழற்றிப் போட்டு ஓட்டும் வண்டியில் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. பக்கத்தில் நிற்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

தெறிக்காவிட்டாலும் நிம்மதி இல்லை. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்த ஃபேன், சுற்றுக்குச் சுற்று வாட்டர் பம்ப் பேரிங்கை உலுக்கும். பேரிங் ஆட்டம் கண்டால் சீல் போகும், தண்ணீர் ஒழுகும். ஆட்டம் கூடினால் ஃபேனே ரேடியேட்டரைக் கிழிக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் சூடேறி ஹெட் கேஸ்கட் வரை சேதம் போகும். ரேடியேட்டர், பம்ப், ஹெட் வேலை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவின் முன்னால் புது ஃபேனின் விலை அற்பம். றெக்கையை அறுத்தால் காற்றும் குறையும். மிச்சமிருக்கும் றெக்கைகளும் அதே சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கிடந்தவைதானே? அடிப்பாகத்தில் முடிபோல விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

புது ஃபேன் வாங்கினால் மட்டும் போதாது, பழையது ஏன் உடைந்தது? எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கேள்வியை யாரும் கேட்காததுதான். எஞ்சின் நின்று ஆறிய பிறகு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் கோளாறு பம்ப் பேரிங்கில். எஞ்சின் மவுன்டிங் ரப்பர் பிய்ந்திருந்தால் எஞ்சினே அசைந்து, ஃபேன் சுற்றியுள்ள கூட்டில் உரசும். ஆழச் சேற்றில் இறக்கும்போது தண்ணீர் ஃபேன் மட்டத்துக்கு ஏறினால் றெக்கைகள் வளைந்து ரேடியேட்டரில் மோதும். வைக்கோலும் குச்சியும் உள்ளே சிக்குவதும் உண்டு. காரணத்தை விட்டுவிட்டால் புது ஃபேனும் உடையும்.

கை வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பழைய ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் காற்று வெகுவாகக் குறைந்து, வண்டி சூடாகும். ஸ்பேசர் இருந்தால் மறக்காமல் திரும்பப் போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். பிறகு கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஃபேனுக்கு நேர்பக்கவாட்டில் யாரும் நிற்க வேண்டாம். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, துப்பட்டா எதுவும் அருகில் வரக்கூடாது. முதலில் ஐடிலில் விடுங்கள், பிறகு மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். அதிர்வோ கடகட சத்தமோ கேட்டால் அந்த நொடியே அணைத்துவிட்டு, வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.