எக்ஸ் கதிர் காட்டும் சுருளிக் கலக்சிகளின் சூழல்

மாணவர்களே, நிலவற்ற, முகிலற்ற இரவொன்றில் கற்பிட்டிக் கடற்கரையில் நின்று வானை நோக்கினால் மங்கலான வெண்ணிறப் பட்டியொன்று தெரியும். அதுவே எமது ஞாயிற்றுத் தொகுதி அமைந்துள்ள பால்வீதியாகும். உடுக்கள், வாயு, தூசு ஆகியன ஈர்ப்பினால் பிணைந்த பெருந்தொகுதி கலக்சி எனப்படும். பால்வீதி ஒரு சுருளிக் கலக்சியாகும். இத்தகைய கலக்சியைச் சூழ்ந்துள்ள இருண்ட வெளி வெறுமையானதா? எக்ஸ் கதிர் அவதானிப்புகள் இதற்கு விடை தருகின்றன.

1. எக்ஸ் கதிர் ஏன் தேவை?

வெப்பநிலை கூடும்போது பொருளொன்று மிகுதியாகக் காலும் கதிர்ப்பின் அலைநீளம் குறையும். ஏறத்தாழ 5800 கெல்வின் மேற்பரப்பு வெப்பநிலையுடைய சூரியன் கட்புலனாகும் ஒளியைப் பெருமளவிற் காலுகின்றது. 10 இலட்சம் கெல்வினுக்கு மேற்பட்ட வாயு எக்ஸ் கதிர்களைக் காலும். ஆகவே அவ்வாயு எமது கண்ணுக்குப் புலப்படாது.

கவனிக்க: வைத்தியசாலையில் கருவியிலிருந்து வரும் எக்ஸ் கதிர் எமது உடலினூடாகச் செலுத்தப்படுகின்றது. வானியலில் நாம் கதிர் எதனையும் அனுப்புவதில்லை. வானிலுள்ள பொருள்கள் காலும் கதிர்களையே பெறுகின்றோம்.

2. தொலைகாட்டி எங்கே இருத்தல் வேண்டும்?

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடும். இது உயிர்களுக்குப் பாதுகாப்பாகும். ஆயினும் இதனால் கற்பிட்டியில் எவ்வளவு பெரிய தொலைகாட்டியை நிறுவினாலும் இக்கதிர்களைப் பெற முடியாது. எனவே எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிகள் விண்வெளிக்கு அனுப்பப்படுகின்றன. நாசா நிறுவனத்தின் சந்திரா தொலைகாட்டி 1999 யூலை 23 இல் கொலம்பியா விண்ணோடத்தின் மூலம் ஏவப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது.

3. அறியப்பட்டவை

(அ) சூழ்ந்திருக்கும் வாயு: தொலைவிலுள்ள பிரகாசமான பொருள்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களில் ஒரு பகுதியை, இலத்திரன்களிற் பலவற்றை இழந்த ஒட்சிசன் உறிஞ்சுகின்றது. இதனை ஆராய்ந்த அஞ்சலி குப்தா, ஸ்மிதா மாத்தூர் முதலியோர், 10 இலட்சம் முதல் 25 இலட்சம் கெல்வின் வரையான வாயு பால்வீதியைச் சூழ்ந்துள்ளதென 2012 இல் அறிவித்தனர். அதன் திணிவு பால்வீதியின் உடுக்கள் அனைத்தினதும் திணிவுக்கு ஒப்பாக இருக்கலாம் எனவும் மதிப்பிட்டனர்.

(ஆ) வெளியேறும் வாயு: என்.ஜி.சி. 253 என்னும் சுருளிக் கலக்சியின் மையப்பகுதியில் உடுக்கள் விரைவாகத் தோன்றுகின்றன. அங்கு பெரிய உடுக்கள் வெடிக்கும்போது சூடான வாயு தட்டிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றது.

(இ) உரியப்படும் வாயு: புத்தளம் களப்பில் இயந்திரப் படகில் விரைந்து செல்லும்போது, காற்று வீசாத நாளிலும் முகத்தில் வளி மோதும். தோளிலுள்ள துண்டு பின்னோக்கிப் பறக்கும்; படகிலுள்ள பாரமான வலையோ அசையாது. ஈ.எஸ்.ஓ. 137-001 என்னும் சுருளிக் கலக்சி, கலக்சிக் கொத்தொன்றிலுள்ள சூடான வாயுவினூடாக விரைந்து செல்கின்றது. எதிர்ப்படும் வாயுவின் அமுக்கத்தால் அதன் வாயு உரியப்பட்டு, ஏறத்தாழ 2,60,000 ஒளியாண்டு நீளமான வாலாக எக்ஸ் கதிரில் தெரிகின்றது. உடுக்கள் இவ்வாறு பெயர்க்கப்படுவதில்லை.

4. இதன் முக்கியத்துவம்

உடுக்கள் தோன்றுவதற்கான மூலப்பொருள் வாயுவாகும். குளிர்ந்த வாயுவை முற்றாக இழந்த கலக்சியில் புதிய உடுக்கள் தோன்றா. பழைய உடுக்கள் ஒவ்வொன்றாக மங்கிவிடும். எனவே ஒரு கலக்சியின் எதிர்காலம் அதன் சூழலிலும் தங்கியுள்ளது.

மாதிரி வினா

ஈ.எஸ்.ஓ. 137-001 இல் எதிர்காலத்தில் உடுக்கள் தோன்றுதல் குறையும் எனக் கருதப்படுவது ஏன்?

விடை: கொத்திலுள்ள வாயுவின் அமுக்கத்தால், உடுக்களின் மூலப்பொருளான வாயு அக்கலக்சியிலிருந்து அகற்றப்படுவதனாலாகும்.